அக்னித் தலத்தில் ப்ளூபெர்ரி: மாடித் தொட்டியில் செடி கருகுவது வெயிலாலா, போர் தண்ணியாலா?

ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கிய ப்ளூபெர்ரி செடி டிசம்பரில் தளதளவென்று இருக்கும். மார்ச்சில் இலை நுனி காயத் தொடங்கும். ஏப்ரலில் புதுத் துளிர் மஞ்சளாகும். கத்திரி முடிவதற்குள் தொட்டியில் குச்சிதான் மிஞ்சும். "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் தாங்காதுப்பா" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

பஞ்சபூதத் தலங்களில் அக்னிக்கு உரிய ஊர் திருவண்ணாமலை. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில் வெயில்மேல் பழி போடுவது சுலபம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, 'செடி வாடுதே' என்று பதறி தினமும் இரண்டு வேளை நாம் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளித்தால் செடி கோடையைத் தாண்ட நல்ல வாய்ப்பு உண்டு.

அவசரத்துக்கு 5 வரி

• மதிய வெயில் கூடாது. காலை வெயில் போதும், 11 மணிக்கு மேல் 50 சதவீத ஷேட் நெட் நிழல்.
• உப்புத் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு நீர் ஊற்றக் கூடாது. மழைநீர்தான் முதல் சாய்ஸ்.
• செம்மண், சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது.
• வாடியிருந்தால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
• ஏப்ரல், மே மாதங்களில் புதுச் செடி வாங்காதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள்.

ஏன் என்று தெரிந்தால்தான் அவரவர் மாடிக்கு ஏற்றபடி செய்ய முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்தச் செடிக்கு அப்படி என்ன ஸ்பெஷல்?

முதல் விஷயம் வேர். பெரும்பாலான செடிகளின் வேர் நுனியில் பஞ்சு போன்ற மெல்லிய தூவிகள் இருக்கும். மண்ணில் உள்ள நீரை உறிஞ்சுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ப்ளூபெர்ரி வேரில் அந்தத் தூவிகள் கிடையாது. வேர் ஆழமாகவும் போகாது. பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு அடிக்குள்ளேயே பரவியிருக்கும். தொட்டியில் முதலில் காய்வதும் சூடாவதும் அந்த மேல்பகுதிதான்.

இரண்டாவது, மண்ணின் புளிப்புத்தன்மை. ப்ளூபெர்ரிக்கு மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். இந்த அளவுகோலில் ஒரு எண் மாறினால் 10 மடங்கு வித்தியாசம். அதாவது 7.5 பி.எச். உள்ள மண், 4.5 உள்ள மண்ணைவிட 1,000 மடங்கு புளிப்பு குறைந்தது.

இது 100 வருடங்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி. அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவில், காட்டில் மட்டும் விளைந்துகொண்டிருந்த ப்ளூபெர்ரியைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றார். சத்தான தோட்ட மண்ணில் செடி தேறவில்லை. புளிப்பான மண்தான் அதற்குத் தேவை என்று 1910-இல் வெளியிட்டார். நியூ ஜெர்சியில் பண்ணை வைத்திருந்த எலிசபெத் வைட் அதைப் படித்துவிட்டு அவரோடு கைகோத்தார். 1916-இல் முதல் வணிக அறுவடை சந்தைக்கு வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் டப்பா ப்ளூபெர்ரியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இதன் சொந்தக்காரச் செடிகள் தமிழ்நாட்டிலும் உண்டு. ப்ளூபெர்ரியின் பேரினமான 'வாக்சினியம்' வகைச் செடிகள் நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் இயற்கையாகவே வளர்கின்றன. குளிர்ச்சி, மழை, புளிப்பான இலைமக்கு மண் மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கும். தேயிலைக்குப் பிடித்த பி.எச். அளவும் கிட்டத்தட்ட இதேதான். டீ எஸ்டேட் மண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ப்ளூபெர்ரி என்ன கேட்கிறது என்று புரிந்துவிடும்.

பாலைவனத்துல விளையுதுன்னு சொல்றாங்களே?

விளைகிறது. உலகின் முன்னணி ப்ளூபெர்ரி ஏற்றுமதி நாடு இன்று பெரு. அங்கே பெரும்பாலும் மழையே இல்லாத கடலோரப் பாலைவனத்தில்தான் பயிராகிறது. அதைச் சொல்லித்தான் 'எந்த வெயிலிலும் வளரும்' என்று சில விளம்பரங்கள் வருகின்றன.

அதில் விட்டுப்போகும் விவரங்கள் இரண்டு. ஒன்று, பெருவின் கரையை ஒட்டி ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதனால் அந்தப் பாலைவனம் நம்மூர் மாதிரிக் கொதிக்காது. இன்னொன்று, அங்கே சொட்டுநீர்க் குழாயில் போகும் தண்ணீரைச் செடிக்கு ஏற்ற புளிப்புக்குக் கொண்டுவந்த பிறகே விடுகிறார்கள். மழை இல்லாத இடத்திலும் ப்ளூபெர்ரி பிழைக்கும், தண்ணீரின் தரம் சரியாக இருந்தால். நம் மாடிக்கும் இதுவே பாடம்.

வெயில் எவ்வளவு தாங்கும்?

20 முதல் 25 டிகிரி வரை செடி நன்றாக உணவு தயாரிக்கும். 30-ஐத் தாண்டினால் அந்த வேலை மந்தமாகும். நம்மூர் மே மாதத்தில் செடி வளரும் என்று எதிர்பார்க்கவே கூடாது. உயிரோடு வைத்திருப்பதுதான் இலக்கு.

காற்றைவிடத் தொட்டியின் சூடு மோசம். நேரடி வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் உள்சுவர் 45 டிகிரியைத் தாண்டிவிடும். சுவரை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய வேர்கள் அங்கேயே வெந்துபோகும். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் போயிருக்கும்.

பெங்களூரு நர்சரியில் நன்றாக இருந்த செடி இங்கே வந்ததும் சுருண்டுவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான், ஆனால் செடிக்கு அது வேறு நாடு.

தண்ணியில என்ன பிரச்சினை?

பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படிவம் இருக்கிறதா? வாட்டர் ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு கட்டுகிறதா? அப்படியென்றால் உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் அதிகம். நாம் 'உப்புத் தண்ணி' என்று சொல்லும் பல போர் தண்ணீர்கள் இந்த ரகம்தான். சாத்தனூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரும் வீட்டு போர் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் ஒரு தொட்டிக்குத் தினம் 2 லிட்டர். 90 நாளில் 180 லிட்டர். அதோடு தொட்டிக்குள் இறங்குவது 54 கிராம். அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறினாலும், ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை நாமே தவணை முறையில் போட்டுவைத்த கதைதான்.

வெயிலும் தண்ணீரும் கூட்டுச் சேருவது இங்கேதான். சூடு கூடினால் செடி அதிகம் குடிக்கும், நாமும் அதிகம் ஊற்றுவோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மண்ணின் பி.எச். ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. புதுத் துளிர் மஞ்சளாகும். 'வெயிலில் வெளுத்துடுச்சு' என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம்.

சரி, எந்தத் தண்ணிய ஊத்தலாம்?

மழைநீர்: இதற்கு இணை இல்லை. 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். கோடை முழுக்க ஒரு செடிக்குத் தோராயமாக 180 லிட்டர் தேவை என்று பார்த்தோம். ஆக, ஒரு செடிக்கு ஒரு 200 லிட்டர் டிரம். வடகிழக்குப் பருவமழையில் நிரப்பி, கொசு புகாதபடி மூடி, நிழலில் வைத்துவிடுங்கள். முதல் மழையில் மாடி கழுவிய தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அதற்காகப் போட்ட குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து டிரம்முக்கு ஒரு கிளை எடுத்தால் வேலை முடிந்தது.

ஏ.சி. தண்ணீர்: காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் சுண்ணாம்பு இருக்காது. ஆனால் ஏ.சி.யின் உள்ளே இருக்கும் உலோகக் குழாயிலும் தூசியிலும் பட்டு வருகிறது. பழம் சாப்பிடப்போகிற செடி என்பதால், மழைநீர் தீர்ந்தபோது கைகொடுக்கும் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. கழிவு நீர்: 'வீணாகுதே' என்று செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ப்ளூபெர்ரிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அடர்த்தியாகச் சேர்ந்த தண்ணீர் அது. பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள். செடிக்காகவே ஆர்.ஓ. மெஷினை ஓட்டி நல்ல தண்ணீர் பிடிப்பதும் சரியில்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருக்கள் இருக்கும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும்.

போர் தண்ணீர்தான் கதி என்றால்: புளிப்பு சேர்த்து ஊற்றலாம். மளிகைக் கடையில் 'லெமன் சால்ட்' என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். 10 லிட்டர் பக்கெட்டுக்குக் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள். கலக்கி, சில நிமிடம் விட்டு, பி.எச். பேப்பரில் பாருங்கள். அலங்கார மீன் கடைகளில் விற்கும் பி.எச். சொட்டு மருந்தையும் பயன்படுத்தலாம், ஆனால் 6-க்குக் கீழேயும் காட்டும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். 5 முதல் 5.5-க்குள் வரும் வரை சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டுங்கள். பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் போருக்குப் போர் தண்ணீர் மாறும். ஒரு முறை கண்டுபிடித்த அளவைப் பக்கெட்டிலேயே மார்க்கரில் எழுதிவைத்துவிடுங்கள். இது காரத்தைச் சமாளிக்கும். சாதாரண உப்பு கரைந்த, வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரை இது சரிசெய்யாது.

தொட்டியும் மண்ணும்

குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். சின்னத் தொட்டி சீக்கிரம் காயும், சீக்கிரம் சூடாகும். வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் க்ரோ பேக் நல்லது. கறுப்புத் தொட்டிதான் இருக்கிறது என்றால், அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரைத் திணித்துவிடுங்கள். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினாலும் உதவும். சிமென்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே காரம் கசியும். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டு மேல் வைத்தால் மாடித் தளத்தின் சூடு நேராக ஏறாது.

மண் கலவையில் மண்ணே வேண்டாம். கோகோபீட்டும் பீட் மாஸும் பாதிக்குப் பாதி, அதோடு வடிகாலுக்காகக் கொஞ்சம் பெர்லைட் அல்லது தேங்காய் மட்டைத் துண்டு. கோகோபீட் பொள்ளாச்சிப் பக்கமிருந்து தாராளமாக வருகிறது, ஆனால் அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். பீட் மாஸ் விலை அதிகம்தான், புளிப்பைத் தருவது அதுதான்.

மேலே இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு போடுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் மல்லாட்டைக்குப் பஞ்சமில்லை. உரித்த ஓட்டைக் காயவைத்துப் பரப்பினால் போதும். காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டும் சரிதான். தண்டை ஒட்டி மட்டும் ஒரு விரல் இடம் விடுங்கள்.

கத்திரி நாட்களின் டைம்டேபிள்

காலை 7 மணிக்குள்: தண்ணீர் ஊற்றும் நேரம். அடித்துளையில் வடியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். அப்போதுதான் சேர்ந்த உப்பும் கொஞ்சம் வெளியேறும். வடிந்த தண்ணீர் தட்டில் நிற்கக் கூடாது.

காலை 11 மணிக்கு மேல்: நிழல் அவசியம். ஷேட் நெட்டை இலைக்கு மேலே ஓரிரு அடி உயரத்தில் கட்டுங்கள், காற்றோட்டம் வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பகலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் ராத்திரி வரைக்கும் கக்கும்.

மாலை 6 மணிக்கு மேல்: விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் இன்னொரு முறை.

ஊருக்குப் போகிறீர்களா? வேலைக்காக பெங்களூரு, சென்னை என்று இருந்துவிட்டு வார இறுதியில் வீட்டுக்கு வருபவர்களுக்கு ஒரு வழி: ஒரு பக்கெட் தண்ணீரைத் தொட்டியைவிடச் சற்று உயரத்தில் வைத்து, கெட்டியான பருத்தித் திரியின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன்பு ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். செடியை முழு நிழலுக்கு மாற்றிவிட்டால் தண்ணீர் தேவையும் குறையும்.

செடி என்ன சொல்லுது?

மதியம் வாடி, மாலையில் நிமிர்கிறது: சூட்டால் வந்த தற்காலிக வாட்டம். நிழலைக் கூட்டுங்கள், தண்ணீரை அல்ல.

மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடியிருக்கிறது: வேர் அழுகல் சந்தேகம். தண்ணீரை நிறுத்தி, வடிகாலைப் பாருங்கள். பயத்தில் ஊற்றும் கூடுதல் தண்ணீரும் கோடையில் செடியைச் சாகடிக்கும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: பி.எச். ஏறிவிட்டது, இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. தண்ணீரைத் திருத்தினால்தான் தீரும். எப்சம் சால்ட் இதற்கு மருந்தில்லை. அது மெக்னீசியம்.

இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது: உப்பு சேர்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் போதவில்லை. மழைநீரை நிறைய ஊற்றி ஒரு முறை வடியவிடுங்கள்.

ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது: பீட் மாஸ் முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்துவிடும். தொட்டியை ஒரு டப் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவைத்து எடுங்கள்.

உரம்: கோடையில் கை கட்டிக்கொள்ளுங்கள்

மே மாதத்தில் உரம் வேண்டாம். வளராத செடிக்குப் போடும் உரம் உப்பாகத்தான் சேரும். மழை வந்து துளிர் விட்ட பிறகு அம்மோனியம் சல்பேட்டைச் சிறிய அளவில் கொடுக்கலாம். பொட்டாஷுக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் உள்ள குளோரைடு இந்தச் செடிக்கு ஆகாது.

மற்ற செடிகளுக்கு நாம் அள்ளிக் கொடுக்கும் சாம்பல், முட்டை ஓடு ஆகியவை பி.எச்.சை ஏற்றும். மண்புழு உரமும் அளவு மீறினால் அதே கதை. காபித்தூள் சக்கை 'புளிப்பு உரம்' என்று ரீல்ஸில் சுற்றுகிறது. டிகாக்ஷன் இறங்கும்போதே புளிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிஞ்சிய சக்கை நடுநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நீண்ட நாள் புளிப்புக்குக் கந்தகத் தூள் உதவும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மழைக்காலத்தில் சிறிதளவு கலந்துவிட்டு, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

எல்லாம் செஞ்சாச்சு, பழம் வருமா?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். ப்ளூபெர்ரி நன்றாகப் பூக்க, குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரிக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் பாரம்பரிய ரகங்கள் பலவற்றுக்கு 800 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். திருவண்ணாமலையில் மார்கழிப் பனியிலும் அது நடக்காது. 'ப்ளூகிராப்', 'டியூக்' போன்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

குறைந்த குளிரிலும் பூக்கும் தென்பகுதி ரகங்கள் உண்டு. பைலாக்ஸி, மிஸ்டி, ஷார்ப்ப்ளூ, சன்ஷைன் ப்ளூ ஆகியவை அந்த வகை. பெருவின் வளர்ச்சிக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தது பைலாக்ஸிதான். நம் சமவெளியில் இவற்றிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியது சில கைப்பிடிப் பழங்கள், அதுவும் இரண்டு மூன்று வருடப் பராமரிப்புக்குப் பிறகு. ரகப் பெயரே போடாமல் வெறும் 'ப்ளூபெர்ரி செடி' என்று விற்பதையும், விதைப் பாக்கெட்டையும் வாங்காமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

நீல நிறப் பழத்தின் சத்துதான் நோக்கம் என்றால் நாவல் பழம் இருக்கிறது. ப்ளூபெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான் நாவலின் ஊதாவுக்கும் காரணம். ஆடிக்கு முன்பின்னாகத் தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். மாடியில் ஏதாவது பெர்ரி வளர்க்க வேண்டும் என்றால் களாக்காய் வையுங்கள். வெயில், வறட்சி, சுமாரான தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். ஊறுகாயும் போடலாம்.

இல்லை, ப்ளூபெர்ரிதான் வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். செடியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் பி.எச். பேப்பர் வாங்கி வீட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு டிரம் நிரப்புங்கள். ஷேட் நெட் கட்ட இடம் பாருங்கள். இவை மூன்றும் தயாரான பிறகு, தீபம் முடிந்து வெயில் தணிந்திருக்கும் டிசம்பரில் செடியை ஆர்டர் செய்யுங்கள். அடுத்த கத்திரி வருவதற்குள் வேர் பிடிக்க நாலைந்து மாதம் அதற்குக் கிடைக்கும்.